கர்ண மோட்சமும் பதினாறாம் நாளும்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரக் கூத்து

தெருக்கூத்து வட தமிழகத்தில் இரவு முழுவதும் நிகழ்த்தப்படும் இசை நாடகம். கட்டைக்கூத்து, பாரதக்கூத்து என்றும் இது குறிப்பிடப்படுகிறது. ஊர்ப் பேச்சில் ‘கூத்து’, ‘நாடகம்’ என்ற இரண்டு சொற்களே போதும். திரௌபதி அம்மன் கோயில் விழாவும் இறப்புச் சடங்கும் இது நிகழும் முக்கியமான தருணங்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் கிராமங்களிலும், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கூத்து பொழுதுபோக்காக மட்டும் நடப்பதில்லை. ஒரு குடும்பமோ ஓர் ஊரோ செய்து முடிக்க வேண்டிய காரியத்தின் பகுதியாக நடக்கிறது.

கூத்து பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி அடவு, வேடம், பாட்டு, கதை ஆகியவற்றைப் பற்றியது. யார் வெற்றிலை பாக்கு வைத்துக் கூத்தை அழைத்தார்கள், யாருக்காக அழைத்தார்கள் என்பது பின்னணித் தகவலாகச் சொல்லப்பட்டு அத்தோடு விடப்படுகிறது. இந்த வட்டாரக் கூத்தை மதிப்பிட அந்த முறை போதாது. ஒரே ‘கர்ண மோட்சம்’ சென்னை அரங்கில் ஒரு பொருளும் சாவு வீட்டு வாசலில் வேறொரு பொருளும் தருகிறது. கூத்து அழிகிறதா, பிழைக்கிறதா என்ற கேள்விக்கும் விடை அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

வட்டாரம்

செங்கல்பட்டு – எம்.ஜி.ஆர். மாவட்டம் 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பழைய தொண்டை மண்டலத்தின் வடபகுதி இன்றைய திருவள்ளூர் மாவட்டம். ஆந்திரத்தை ஒட்டிய எல்லை மாவட்டம் என்பதால் தமிழும் தெலுங்கும் வீட்டு மொழிகளாக உள்ள ஊர்கள் இங்கு பல. திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960-ல்தான் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பகுதியிலும் திரௌபதி வழிபாடும் பாரத விழாவும் உண்டு. அங்கு நிகழும் வீதி நாடகமும் இங்குள்ள கூத்தும் ஒன்றையொன்று அறிந்தவை.

மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், சென்னை – கூடூர் ரயில் பாதையிலும் சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையிலும் அமைந்த ஊர் கும்மிடிப்பூண்டி. சிப்காட் நிறுவனத்தின் பழைய தொழிற்பேட்டைகளில் ஒன்று இங்கு உள்ளது. இரும்பு உருக்காலைகள், இரசாயன ஆலைகள், பொறியியல் தொழிற்சாலைகள் இங்கு இயங்குகின்றன. பின்னர் தேர்வாய் கண்டிகையிலும் சிப்காட் வளாகம் வந்தது. திருவள்ளூர் நகரை ஒட்டிய காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை உள்ளது. ஏரிப் பாசனத்தையும் நெல்லையும் நம்பியிருந்த ஊர்களின் நேரக் கணக்கை இந்த ஆலைகள் மாற்றின.

கூத்து ஆய்வுகளின் களம் பெரும்பாலும் திருவள்ளூருக்குத் தெற்கே அமைந்தது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988, 1991 ஆண்டுகளில் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய இரு தொகுதிகளும் செஞ்சியை மையமாகக் கொண்டவை. ரிச்சர்ட் ஃப்ராஸ்கா 1990-லும், ஹன்னே டி ப்ருய்ன் 1999-லும் வெளியிட்ட நூல்கள் இத்துறையில் முதன்மையானவை. இவற்றில் விவரிக்கப்படும் கூத்தின் அடிப்படை அமைப்பு திருவள்ளூர் வட்டாரத்துக்கும் பொருந்தும். இங்குள்ள வேறுபாடு, அந்தக் கூத்து ஆலைச் சங்குக்கு நடுவே நடக்கிறது என்பதே.

நிகழும் தருணங்கள்

ஊர் நடத்தும் கூத்துகளில் பெரியது பாரத விழா. பங்குனியிலிருந்து ஆடி வரையிலான மாதங்களில், அறுவடை முடிந்து கையில் பணமும் நேரமும் இருந்த காலத்தில் இது வைக்கப்பட்டது. பகலில் பாரதப் பிரசங்கி மகாபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக வரும். திரௌபதி கல்யாணம், சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எனக் கதை நகரும். எத்தனை இரவு என்பது ஊரின் வசூலைப் பொறுத்தது. கடைசி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி.

வீடு நடத்தும் கூத்து இறப்பை ஒட்டியது. பெரியவர் ஒருவர் இறந்தால் பதினாறாம் நாள் காரியத்தை ஒட்டிய இரவில் கூத்து வைப்பது வட மாவட்ட வழக்கம். அதற்கென்றே கொள்ளப்படும் நாடகம் ‘கர்ண மோட்சம்’. இறந்தவர் கர்ணனைப் போல மோட்சம் அடைவார் என்பது நம்பிக்கை. செலவு பிள்ளைகளுடையது. பங்காளிகளும் சம்பந்தி வீட்டாரும் மொய் எழுதுவதும் உண்டு.

குடும்ப நிகழ்வுகளில் கூத்தைத் தவிர வேறு கலைகளும் உள்ளன. கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரி பூசை செய்யும் குடும்பங்கள் பம்பைக்காரரை அழைக்கின்றன. குடும்பத்தில் இறந்துபோன சுமங்கலி ஒருத்தியைப் பாட்டால் அழைத்து, அவள் ஆசி பெற்ற பிறகே தாலி கட்டும் வேலை தொடங்கும். ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது பம்பை, உடுக்கை, சிலம்புடன் கரகம் சோடிக்கப்படும். வடசென்னையில் வேர்கொண்ட கானா, சாவு வீட்டுப் பாட்டாக இந்த ஊர்களிலும் பாடப்படுகிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை. வந்திருப்பவர் எல்லோரும் உறவினர், ஊரார் அல்லது கடன்பட்டவர்.

ஓர் இரவின் அமைப்பு

கூத்துக்குழுவை ‘ஜமா’ என்பர். பல குழுக்கள் ‘நாடக சபா’, ‘நாடக மன்றம்’ என்ற பெயர்களில் இயங்குகின்றன. குழுவின் தலைவர் வாத்தியார். நடிகர்கள் முன்பணம் பெற்றுக்கொண்டு ஒரு பருவத்துக்குக் குழுவோடு சேர்கிறார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம் ஆகியவை இசைக்கருவிகள்.

இரவு பத்து மணி அளவில் களரி கட்டும் மேளம் தொடங்கும். கூத்து இன்று இருக்கிறது என்பதைச் சுற்றுவட்டாரத்துக்கு அறிவிக்கும் ஒலியும் அதுவே. கடவுள் வாழ்த்துக்குப் பின் கட்டியக்காரன் வருவான். அவன் சேவகன், கோமாளி, கதை சொல்பவன், சில சமயம் ஊரின் மனச்சாட்சி. மன்னர் வேடங்கள் திரைக்குப் பின் நின்று பாடி, பிறகு திரை விலக வெளிப்படும். கிரீடமும் புஜக்கட்டைகளும் மார்புப் பதக்கமும் எடை குறைந்த மரத்தில் செய்து கண்ணாடித் துண்டுகள் பதித்தவை. ‘கட்டை’ என்று பெயர் பெற்ற இந்த அணிகளே ‘கட்டைக்கூத்து’ என்ற பெயருக்கும் காரணம்.

பாட்டு விருத்தமாகவும் தருவாகவும் வரும். ஒவ்வொன்றுக்கும் பின் வசனம். பின்பாட்டுக்காரர்கள் அடியைத் திருப்பிப் பாடுவர். நள்ளிரவுக்குப் பிறகு குழந்தைகள் பாயில் தூங்கிவிடுவார்கள். முதியவர்களும் இடையிடையே கண்ணயர்வர். அரங்கப் பழக்கத்தில் இது கவனக்குறைவாகத் தெரியும். கூத்தில் அதற்கு இடம் கொடுத்தே நாடகம் கட்டப்பட்டுள்ளது. ஒரே செய்தி விருத்தத்தில் ஒரு முறை, தருவில் ஒரு முறை, வசனத்தில் ஒரு முறை, கட்டியக்காரன் கேலியில் ஒரு முறை எனச் சொல்லப்படுகிறது. விழித்துக்கொண்டவர் எந்த இடத்திலும் கதைக்குள் திரும்ப நுழைய முடியும். இந்த நீட்டலை ‘தொய்வு’ என்று குறைகூறும் விமர்சனம், உட்கார்ந்த இடத்தில் அசையாமல் பார்க்கும் நகரப் பார்வையாளரை அளவுகோலாக வைத்துக்கொள்கிறது.

நாடகத்தின் நடுவில் பணம் கொடுத்தவர் பெயரைக் கட்டியக்காரன் உரக்கச் சொல்லி வாழ்த்துவான். கர்ணன் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னார் மருமகன் இவ்வளவு ரூபாய் அன்பளிப்பு என்ற அறிவிப்பு வரும். கதையோட்டத்தைக் கெடுக்கும் குறுக்கீடாக இது பலமுறை கண்டிக்கப்பட்டுள்ளது. சாவு வீட்டில் அந்த அறிவிப்புக்கு வேறு வேலை இருக்கிறது. யார் வந்தார்கள், யார் செய்தார்கள், எந்த உறவு இன்னும் அறுபடவில்லை என்பது அங்கே ஊரறியப் பதிவாகிறது.

சாவு வீட்டில் கர்ண மோட்சம்

‘கர்ண மோட்சம்’ புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் நாடகம். ஹன்னே டி ப்ருய்ன் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1998-ல் வெளியிட்டார். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணனின் கதை இது. குழுவுக்குக் குழு காட்சிகளின் நீளம் மாறினாலும் மூன்று இடங்கள் எங்கும் விடப்படுவதில்லை.

முதலாவது, கர்ணனும் பொன்னுருவியும் பேசும் காட்சி. பொன்னுருவி அரசகுமாரி. கணவனைத் தேரோட்டி மகன் என்று இகழ்ந்தே வாழ்ந்தவள். போருக்கு விடைபெற வரும் கணவனிடமும் அதே இகழ்ச்சியோடு பேசுகிறாள். கர்ணன் தன் பிறப்பின் உண்மையைச் சொன்ன பிறகு அவள் மனம் மாறுகிறது. இப்போது அவனைப் போகவிடாமல் தடுக்கிறாள். காலம் கடந்துவிட்டது.

இரண்டாவது, கிழ அந்தணர் வேடத்தில் கிருஷ்ணன் வந்து கர்ணன் செய்த தருமத்தின் பலனையே தானமாகக் கேட்பது. மூன்றாவது, வீழ்ந்து கிடக்கும் மகனைக் குந்தி மடியில் கிடத்தி அழுவது. உயிரோடு இருந்தவரை ஊரறிய மகன் என்று சொல்லாத தாய், இறந்த பிறகு எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறாள்.

1964-ல் வந்த ‘கர்ணன்’ திரைப்படம் வழியாக இக்கதை தமிழர் அனைவருக்கும் தெரிந்தது. படத்தில் கர்ணன் ஒரு பெருவீரன், கொடையாளி. சாவு வீட்டுக் கூத்தில் அவன் அந்த வீட்டில் இறந்த மனிதர். வேடமிட்டவர் குந்தியாகப் பாடும் ஒப்பாரி, வீட்டுப் பெண்கள் பதினைந்து நாளாகப் பாடிய ஒப்பாரியின் நீட்சி. பெண்கள் அழத் தொடங்கினால் நடிகர் பாட்டை முடிக்காமல் இன்னும் இரண்டடி சேர்ப்பார். அழுகை ஓய்ந்தால் முடிப்பார். நாடகத்தின் அளவை அந்த வீட்டுத் துக்கம் தீர்மானிக்கிறது.

இதைவிட ஆழமான பொருத்தம் ஒன்றும் உண்டு. கர்ண மோட்சத்தின் மூன்று முக்கியக் காட்சிகளிலும் வாழும் காலத்தில் கொடுக்கப்படாத ஒன்று சாவை ஒட்டிக் கொடுக்கப்படுகிறது. மனைவியின் மதிப்பு, கடவுளின் தரிசனம், தாயின் ஒப்புதல் எல்லாம் தாமதமாகவே வருகின்றன. அப்பாவைக் கடைசி வரை கவனித்தது யார், சொத்தைப் பிரித்தபோது என்ன பேச்சு நடந்தது, மருத்துவமனைக்கு யார் வரவில்லை என்ற கணக்குகள் எந்தச் சாவு வீட்டிலும் இருக்கும். அவற்றை யாரும் வெளியே பேச முடியாது. கூத்து அவற்றைப் பெயர் சொல்லாமல் பேசுகிறது. குந்தி அழும்போது தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மகனுக்கு அது குந்தியின் கதை மட்டும் அன்று. காரியத்துக்கு மறுநாள் குடும்பம் மீண்டும் பேச்சுவார்த்தைக்குத் திரும்ப, இந்த இரவு ஒரு வழி.

நாடகத்தின் எல்லையும் இங்கேயே தெரிகிறது. பிறப்பால் இகழப்பட்டவனின் வலியை இவ்வளவு விரிவாகப் பாடும் வேறு நாட்டார் நாடகம் தமிழில் அரிது. தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புகளில் பொன்னுருவியின் இகழ்ச்சிச் சொற்கள் கதைக்கு வெளியிலும் கேட்கப்பட்டவை. ஆனால் நாடகம் அந்த இகழ்ச்சிக்குத் தரும் விடை, கர்ணன் உண்மையில் சத்திரியன் என்பது. தேரோட்டி மகனாகவே இருந்தால் அவன் மதிப்புக்குரியவனா என்ற கேள்வியை அது எழுப்பிவிட்டு, பதில் சொல்லாமல் விலகுகிறது. பொன்னுருவி தன் தவறை உணர்வதில்லை. தனக்குக் கிடைத்த தகவல் தவறு என்பதை மட்டுமே உணர்கிறாள். நல்ல நடிகர்கள் இந்த இடத்தில் கர்ணனின் கசப்பைக் குறைக்காமல் வைத்திருப்பர். பிறப்பு உண்மையைச் சொல்லும்போது வெற்றிக் குரலில் சொன்னால் காட்சி சிறுத்துவிடும்.

படுகளம்: ஊரே மேடையாகும் காலை

பாரத விழாவின் கடைசி நாள் காலையில் கோயில் திடலில் துரியோதனனின் பெரிய மண் உருவம் படுத்த நிலையில் செய்யப்பட்டிருக்கும். இரவெல்லாம் ஆடிய துரியோதனனும் பீமனும் வேடத்தைக் கலைக்காமல் வெயிலில் வந்து உருவத்தைச் சுற்றிப் போரிடுவர். தொடையில் அடி விழும். அங்கு வைக்கப்பட்ட செந்நிற நீரை எடுத்துத் திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படும். பகடை துகில் இரவில் அவிழ்ந்த கூந்தல் இது. அந்த மண்ணை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வழக்கமும் உண்டு.

பகடை துகிலும் படுகளமும் ஒரே வாக்கியத்தின் தொடக்கமும் முடிவும். துகில் உரியும் காட்சிக்கு முன் துச்சாதனன் வேடமிட்டவர் கற்பூரம் ஏற்றி அம்மனை வணங்கிவிட்டே சேலையைத் தொடுவார். திரௌபதி வேடத்தில் நிற்பவர் அப்போது நடிகர் மட்டும் அல்லர். இடைப்பட்ட இரவுகளில் விரதம் இருந்து, கங்கணம் கட்டி, காத்திருந்தவர்களுக்கே கூந்தல் முடிப்பு நிறைவைத் தரும். மேடை விழாவில் துகில் உரியும் காட்சியை மட்டும் நாற்பது நிமிடத்துக்கு வெட்டிக் காட்டும்போது, அவமானம் இருக்கிறது, அதற்கான தீர்ப்பு இல்லை.

இரவும் வேலை நேரமும்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் கூத்துக்கு நேர்ந்த மாற்றத்துக்குத் தொலைக்காட்சியையும் கைபேசியையும் காரணம் காட்டுவது வழக்கம். அவை காரணங்கள்தாம். அவற்றைவிடப் பெரிய காரணம் இரவு யாருடையது என்பது.

ஆலையில் வேலை மூன்று ஷிப்டுகளில் ஓடுகிறது. இரவு ஷிப்டில் இருப்பவர் கூத்துக்கு வர இயலாது. காலை ஆறு மணிக்கு நுழைவாயிலில் நிற்க வேண்டியவர் பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய்விடுவார். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை. விவசாயக் கூலிக்கும் அதே நிலைதான். ஆனால் வயல் வேலை இல்லாத மாதங்களில் கூத்து வைக்க முடிந்தது. ஆலைக்கு அப்படி ஒரு மாதம் கிடையாது. காரியத்தை விடுமுறை நாளுக்கு ஏற்ப முன்பின் வைத்துக்கொள்வதும், கூத்தை மூன்று நான்கு மணி நேரத்தில் முடிக்கச் சொல்வதும் இதிலிருந்து வந்தவை.

சட்டமும் அதே நேரத்தில் குறுக்கிடுகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மட்டும் மாநில அரசு தளர்வு தரலாம். கூத்து தொடங்கும் மணியும் தடை தொடங்கும் மணியும் ஒன்றே. சாவு வீடு விழாவும் அன்று. ஒலிபெருக்கி இல்லாமல் பாடிய தலைமுறையின் தொண்டை இன்று பலருக்கு இல்லை. அந்த அமைதியும் நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் இல்லை. விதியின் நோக்கம் நியாயமானது. நோயாளியும் படிக்கும் பிள்ளையும் இரவு ஷிப்டு முடித்துவந்த தொழிலாளியும் தூங்க வேண்டும். இரவு முழுவதும் நடந்தால்தான் முழுமையாகும் கலைக்கு அதில் இடம் ஒதுக்கப்படவில்லை என்பதும் உண்மை.

வெளி மாநிலங்களிலிருந்து வந்து ஆலைகளில் வேலை செய்யும் தொழிலாளர்கள் இந்த ஊர்களில் வரிசை வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். மொழி புரியாவிட்டாலும் மகாபாரதம் அவர்களுக்கும் தெரிந்த கதையே. இருந்தும், வசூல் பட்டியலில் அவர்கள் பெயர் இருப்பது அரிது. ஊர் என்றால் வரி கொடுக்கும் குடும்பங்கள் என்ற பழைய கணக்கில், வாடகைக்கு இருப்பவர் ஊரில் சேர்த்தி இல்லை. ஊரின் மக்கள்தொகை பெருகியும் கூத்துக்கான ஆதரவு பெருகாததற்கு இது ஒரு காரணம்.

மேடைக்குச் சென்ற கூத்து

1970களில் ந. முத்துசாமி புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைக் கண்டு எழுதத் தொடங்கியது தமிழ் நாடக வரலாற்றில் ஒரு திருப்பம். ‘அன்று பூட்டிய வண்டி’ என்ற அவரது கட்டுரைத் தொகுதி, படித்தவர்கள் கூத்தைப் பார்க்கும் பார்வையை மாற்றியது. 1977-ல் தொடங்கப்பட்ட கூத்துப்பட்டறை, நடிகனின் உடலையும் குரலையும் பயிற்றுவிக்கக் கூத்திலிருந்து கற்றது. புரிசையில் ஆண்டுதோறும் நடக்கும் கூத்து விழா நகர இளைஞர்களைக் கிராமத்துக்கு அழைத்து வந்தது.

பெருங்கட்டூர் பொ. ராஜகோபால் 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கியதில் முக்கியப் பங்கு வகித்தார். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் அவரும் ஹன்னே டி ப்ருய்னும் நடத்திய குருகுலம், பள்ளிக் கல்வியோடு கூத்தையும் கற்பித்தது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையில் சிறுமியரும் பயிற்சி பெற்றனர். ‘தெருக்கூத்து’ என்ற பெயர் கலைஞரைத் தெருவில் நிறுத்துகிறது என்பதும், ‘கட்டைக்கூத்து’ என்பதே தொழிலின் பெயர் என்பதும் அவர்கள் தரப்பு.

இந்த முயற்சிகள் கலைஞருக்கு மரியாதையும் விருதும் வெளிநாட்டுப் பயணமும் பெற்றுத் தந்தன. மேடையேறிய கூத்து கெட்டுவிட்டது என்று பொதுவாகச் சொல்வது நியாயமல்ல. சிக்கல், மேடையில் கண்டதே கூத்து என்று நம்புவதில் இருக்கிறது. அரங்கில் குந்தியின் அழுகை ஒரு நடிப்புத் திறன். அதற்குக் கைதட்டல் உண்டு. சாவு வீட்டில் அந்த இடத்தில் யாரும் கைதட்டுவதில்லை.

இலங்கையிலும் இதே விவாதம் நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்ற தயாரிப்புகள் படித்த தமிழரிடையே கூத்துக்குப் பெருமை தேடித் தந்தன. பின்னாளில் சி. ஜெயசங்கர், கூத்தை ஆடும் சமூகமே தன் களரியில் வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் சீலாமுனைக் கிராமத்தில் ‘கூத்து மீளுருவாக்கம்’ என்ற செயற்பாட்டை முன்னெடுத்தார். பெண் பாத்திரங்களின் சித்திரிப்பும் சாதி சார்ந்த சொற்களும் அங்கே ஊராரின் பேச்சுக்கு உட்பட்டன. சுருக்குவதா காப்பதா என்று மட்டும் பேசப்பட்டுவந்த இடத்தில், யார் மாற்றுவது என்ற கேள்வி அங்கு எழுந்தது. கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கும் பொருந்தும் கேள்வி அது.

விமர்சனங்கள்

கூத்து நிகழும் சமூகத் தருணங்களைப் புகழும்போது அவற்றின் சுவர்களையும் சொல்ல வேண்டும். ஊர் விழாவில் யாருடைய வரி பெறப்படுகிறது, யார் கோயிலுக்குள் வரலாம் என்பது பல ஊர்களில் சாதியால் தீர்மானிக்கப்படுகிறது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவது தொடர்பான பிரச்சினையில் 2023-ல் கோயில் பூட்டப்பட்டது. தீயில் பிறந்து நீதி கேட்ட ஒருத்தியின் கோயில் அது. கூத்து ஒரு சமூகத்தை ஒன்றுசேர்க்கிறது என்ற வாக்கியம், அந்தச் சமூகத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதையும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும்.

கட்டியக்காரனின் கேலி இன்னொரு சிக்கல். அதிகாரத்தில் இருப்பவரை நேருக்கு நேர் கிண்டல் செய்யும் உரிமை அவனுக்கு உண்டு. ஊர்த் தலைவர், ஒப்பந்தக்காரர், தண்ணீர் வராத குழாய் எல்லாம் அவன் வாயில் அகப்படும். அதே கட்டியக்காரன் கூட்டம் தூங்கும் நேரத்தில் பெண்களையும் உடல் குறை உள்ளவர்களையும் கொச்சையாகப் பேசிச் சிரிப்பு வாங்குவதும் உண்டு. திரைப்படப் பாட்டும் இரட்டை அர்த்த வசனமும் சேர்ந்து சில குழுக்களில் கோமாளிப் பகுதி நாடகத்தை விழுங்கிவிடுகிறது. இளைஞர்களைப் பிடித்துவைக்க இது தேவை என்பது குழுக்களின் வாதம். கர்ணன் – பொன்னுருவி வாக்குவாதத்தை நன்றாக ஆடும் குழுவுக்கு அந்தத் தேவை குறைவாகவே இருக்கிறது.

கலைஞரின் பொருளாதாரம் மூன்றாவது. முன்பணம் பலருக்கு அடைக்க முடியாத கடனாகிறது. பருவம் முடிந்த மாதங்களில் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் செல்வது உண்டு. நிரந்தர ஊதியம் தரும் வேலை கிடைத்தவர் கூத்துக்கு விடுப்பு எடுக்க இயலாது. இவ்வாறு தொழிற்பேட்டை பார்வையாளரை மட்டும் அன்றி நடிகரையும் எடுத்துக்கொள்கிறது. அதே தொழிற்பேட்டையின் சம்பளமே பல வீடுகளில் கர்ண மோட்சம் வைக்கப் பணம் தருகிறது என்பதையும் மறுக்க இயலாது.

மதிப்பீடு

கூத்தைக் காப்பாற்றுவது பற்றிய பேச்சு பெரும்பாலும் கலைஞருக்கு உதவித்தொகை, விழாவுக்கு நிதி, நாடகப் பிரதிகளின் பதிவு என்ற அளவில் நிற்கிறது. மூன்றும் தேவை. ஆயினும் கர்ண மோட்சத்தின் எல்லாப் பாட்டும் பதிவாகி, பதினாறாம் நாளில் அதை வைக்கும் வீடு ஒன்றுகூட இல்லாமல் போனால், எஞ்சுவது பாட்டுப் புத்தகம். மாறாக, பாட்டில் பாதி மறந்துபோன ஒரு சிறு குழு ஒரு சாவு வீட்டில் நான்கு மணி நேரம் ஆடினாலும், அந்தக் குடும்பத்துக்குக் கூத்து தன் வேலையைச் செய்துவிடுகிறது.

இதனால் சுருக்கத்தை எல்லாம் ஏற்கலாம் என்று பொருளல்ல. எதைச் சுருக்குவது என்பதில் தேர்வு வேண்டும். மன்னர் வருகையையும் கோமாளிப் பகுதியையும் குறைத்து, பொன்னுருவியையும் குந்தியையும் முழுமையாக வைக்கும் நான்கு மணி நேரக் கர்ண மோட்சம் நல்ல நாடகம். சண்டையையும் சிரிப்பையும் வைத்துக்கொண்டு ஒப்பாரியை இரண்டு அடியில் முடிக்கும் கர்ண மோட்சம், எந்த வீட்டுக்காக அழைக்கப்பட்டதோ அந்த வீட்டைக் கைவிட்டது. திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் கூத்தின் தரத்தை அளக்கும் முதல் கேள்வி இதுவாகவே இருக்க முடியும்: விடிந்த பிறகு அந்த வீட்டார் காரியத்துக்கு எழுந்து போகும்போது, இரவு தொடங்கியபோது இருந்ததைவிட அவர்கள் மனம் சற்று இறங்கியிருக்கிறதா?